எலீட்டா, டயமண்டா, அல்லது ஒரு பல்கனி அறையா?

வெள்ளவத்தையில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு வாரமாக ஒரு சீ.ஆர். கொப்பி கிடக்கிறது. அத்தான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிவப்புப் பேனாவால் கோடு போடாமல் அவரால் பலசரக்குக் கணக்குக்கூட எழுத முடியாது. இந்தக் கொப்பியில் இருப்பவை கப்பல் பயணங்கள். மகன் வன்கூவரில், மகள் சிட்னியில். இரண்டுமே பிரின்சஸ் என்ற சுற்றுலாக் கப்பல் நிறுவனத்தின் கப்பல்கள் புறப்படும் துறைமுகங்கள். பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம், வந்தது வந்தாயிற்று என்று அலாஸ்காவுக்கோ நியூசிலாந்துக்கோ ஒரு வாரம், பத்து நாள் கப்பலேறி வந்ததில், இப்போது 9 பயணம், 84 நாள் என்று பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை நிற்கிறது.

அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில், பிரின்சஸ் தன் பழைய பயணிகளுக்காக நடத்தும் கப்டன்ஸ் சேர்க்கிள் என்ற சலுகை உறுப்புரிமையின் படிகளுக்கான விதியை அத்தான் எழுதி வைத்திருக்கிறார். முதல் பயணம் முடிந்ததும் கோல்ட். 3 பயணம் அல்லது 30 நாள் முடிந்தால் ரூபி. 5 பயணம் அல்லது 50 நாள் என்றால் பிளாட்டினம். 15 பயணம் அல்லது 150 நாள் என்றால் எலீட். எலீட்டுக்குக் கீழே இரட்டைக் கோடு. இன்னும் 6 பயணம்.

அங்கேதான் வீட்டில் கருத்து வேறுபாடு. அத்தானுக்கு அந்த 6 பயணத்தையும் முடித்து எலீட் ஆகிவிட வேண்டும். அக்காவுக்குச் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் ரோயல் கரிபியன் என்ற இன்னொரு நிறுவனத்தின் கப்பல்களில் ஆசை. நாலு மணி நேர விமானப் பயணம், விசா அலைச்சல் இல்லை. மருமகளோ, தகுதியும் வேண்டாம் படியும் வேண்டாம், அந்தந்த வருடம் எது மலிவோ அதில் நல்ல அறையாகப் பார்த்து எடுங்கள் என்கிறாள். தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். நானும் மனைவியும் 5 தடவை போயும் எந்த நிறுவனத்திலும் உருப்படியாக எதையும் சேர்க்காதவர்கள். அதனால் பக்கச்சார்பு இருக்காது என்பது அத்தானின் நம்பிக்கை.

முதலில் எண்ணும் முறையைப் பார்க்க வேண்டும். எல்லோரும் சலுகைப் பட்டியலைத்தான் ஒப்பிடுகிறார்கள். உண்மையான வித்தியாசம் எதை எண்ணுகிறார்கள் என்பதில் இருக்கிறது. பிரின்சஸின் அந்த விதியில் பயணத்தையும் எண்ணலாம், நாளையும் எண்ணலாம். எது முதலில் வருகிறதோ அது. 3 இரவு போய்வந்தாலும் ஒன்று, 30 இரவு போய்வந்தாலும் ஒன்று. அதனால்தான் வன்கூவரிலிருந்து கரையோரமாக லொஸ் ஏஞ்சலிஸ் வரை போகும் குறும்பயணங்களை மகன் காட்டுகிறான். ரோயல் கரிபியனின் கிரவுன் அண்ட் அங்கர் சொசைட்டியில் அந்த விளையாட்டு நடக்காது. அங்கே ஓர் இரவுக்கு ஒரு புள்ளி. 3 புள்ளியில் கோல்ட், 30இல் பிளாட்டினம், 55இல் எமரால்ட், 80இல் டயமண்ட், 175இல் டயமண்ட் பிளஸ், 700இல் பினக்கிள். 700 இரவு என்றால் கிட்டத்தட்ட இரண்டு வருடம் கடலிலேயே குடியிருக்க வேண்டும். அப்படிக் குடியிருந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஓர் இலவசப் பயணம் கிடைக்கிறது. இன்னும் கப்பலா என்று அவர்களில் ஒருவராவது கேட்டிருப்பாரா தெரியவில்லை.

அக்காவின் சிங்கப்பூர்த் திட்டத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தேன். அங்கிருந்து பினாங்கு, புக்கெட் பக்கம் போகும் பயணங்கள் பெரும்பாலும் 3, 4 இரவுதான். 4 இரவு என்றே வைத்துக்கொண்டாலும் டயமண்டுக்கு 20 பயணம். வருடத்துக்கு இரண்டு போனால் 10 வருடம். அத்தானுக்கு இப்போது 68. சூட் என்னும் ஆடம்பர அறைத்தொகுதியை எடுத்தால் புள்ளி இரட்டிப்பாகும், 10 பயணத்தில் முடியும். ஆனால் சூட்டுக்குக் கொடுக்கும் அதிகப் பணத்தைக் கணக்கில் எடுத்தால் அந்த டயமண்ட் நகைக் கடை வைரத்தின் விலைக்கு வந்து நிற்கும். இடையில் வரும் பிளாட்டினம், எமரால்ட் இரண்டும் பெயருக்குத்தான்.

சரி, கிடைத்தால் என்ன கிடைக்கும்?

பிரின்சஸ் எலீட்டில் எல்லோரும் முதலில் சொல்வது சலவை. இதைச் சாதாரணமாக நினைத்திருந்தேன், எங்கள் பெரியம்மாவின் கதையைக் கேட்கும்வரை. பெரியம்மா ரொறன்ரோவில் இருக்கிறார், பெரியப்பா காலமான பிறகு தனியாகவே கப்பலேறுபவர். தனியாகப் போகிறவர் அறைக்கு இரண்டு பேரின் கட்டணத்தைக் கட்ட வேண்டும். அப்படிக் கட்டினால் பிரின்சஸில் ஒரு பயணம் இரண்டாக எண்ணப்படும். சூட்டில் போனாலும் அப்படியே. "இது தருமம் இல்லைத் தம்பி, நான் கட்டின காசு" என்பார். அந்தக் கணக்கில் சட்டென்று எலீட் ஆகிவிட்டார். ஒருமுறை அத்தானும் அக்காவும் அவரோடு அலாஸ்கா போனார்கள். காலையில் பெரியம்மா பையில் போட்டு வெளியே வைத்த உடுப்புகள் மறுநாள் மாலை வந்து சேர்ந்தன. அக்கா சொல்லும்போதே கண் விரிகிறது: பருத்திச் சேலை விளிம்போடு விளிம்பு பொருத்தி மெல்லிய தாளில் சுற்றி, இரவிக்கை தனியாக ஹாங்கரில். அத்தான் தன்னுடைய சாரம் ஒன்றைப் பெரியம்மாவின் பைக்குள் நைசாகப் போட்டுவிட்டிருந்தார். அது என்ன உடுப்பு என்று அங்கே யாருக்கும் பிடிபடவில்லைபோலும். கஞ்சி போட்டு, காற்சட்டையைப் போல நடுவில் மடிப்பு வைத்து, கிளிப் போட்டுத் தொங்கவிட்டு அனுப்பியிருந்தார்கள். அந்தச் சாரத்தை அத்தான் அன்றிரவு உடுக்கவில்லை. இரண்டு நாள் அப்படியே தொங்கவிட்டுப் பார்த்தாராம். எலீட் ஆசை அன்று பிடித்ததுதான்.

ஆனால் கணக்கு வேறு. நாங்கள் போன இன்னொரு நிறுவனத்தின் கப்பலில் ஒரு பை உடுப்பைத் துவைத்து மடித்துத் தர 35 டொலர் வாங்கினார்கள். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 10,500 ரூபாய். 10 நாள் பயணத்துக்கு இரண்டு பை, 21,000 ரூபாய். பிரின்சஸின் பெரும்பாலான கப்பல்களில் பயணிகள் தாங்களே துவைத்துக்கொள்ளும் இயந்திர அறையும் உண்டு. ரோயல் கரிபியனில் அது இல்லை. அதாவது இலவசச் சலவை மிகவும் தேவைப்படும் கப்பலில் அது எளிதில் கிடைக்காது. கிடைக்கும் கப்பலில் சில டொலரில் சமாளிக்க வழி இருக்கிறது.

எலீட்டின் மற்றச் சலுகைகள்: அறையில் ஒருமுறை குளிர்பானம், மதுபானம் வைத்துத் தருவது, சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுத் தருவது, கப்பல் கடையில் 10 சதவீதத் தள்ளுபடி, இலவச வைன் சுவைத்தல், விருந்து இரவுகளில் அறைக்கே வரும் சிறுதீனித் தட்டு. எப்படிக் கூட்டினாலும் 10 நாள் பயணம் ஒன்றில் எங்கள் வீட்டுக்கு இதெல்லாம் 150 டொலரைத் தாண்டவில்லை. அத்தானுக்குச் சப்பாத்து ஒரு சோடிதான்.

காசாக எண்ண முடியாத ஒன்றுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது: முன்னுரிமை. சந்தொரினி போன்ற இடங்களில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது. நடுவில் நங்கூரம் போட்டு, சிறு படகுகளில் ஆட்களை இறக்குவார்கள். மூவாயிரம் பேர் இறங்க வேண்டும். எண் கூப்பிடும்வரை மண்டபத்தில் காத்திருந்து, பிறகு படிக்கட்டில் காத்திருந்து, கரைக்குப் போனால் மேலே ஏறும் கேபிள் காருக்கு இன்னொரு வரிசை. எலீட் ஆட்கள் முன்னால் போய்விடலாம். அக்காவின் முழங்காலுக்கு இது 150 டொலரைவிடப் பெறுமதி. அதே முழங்கால்தான் இன்னும் 6 பயணம் போய் இதைச் சம்பாதிக்கவும் வேண்டும் என்பது வேறு விடயம்.

ரோயல் கரிபியன் டயமண்டின் மகுடம் பானச் சீட்டு: நாளுக்கு 4, ஒவ்வொன்றும் 14 டொலர் வரை. டயமண்ட் பிளஸுக்கு 5, பினக்கிளுக்கு 6. குடிக்கிறவருக்கு இது பெரிய தொகை, 7 இரவுக்கு 392 டொலர். அத்தான் ஆடிக்கு ஒருமுறை அமாவாசைக்கு ஒருமுறை அரைக் குவளை பியர் எடுப்பவர். அக்கா தேநீர், அதுவும் வீட்டிலிருந்து கொண்டுபோன தேயிலையில். நல்ல கோப்பி, பழச்சாறு, சோடா ஆகியவற்றுக்கும் சீட்டைப் பயன்படுத்தலாம்தான். இரண்டு பேரும் சேர்ந்து நாளுக்கு 8 கோப்பி குடித்தால் தூக்கம் போய்விடும்.

ஆனால் ரோயலில் ஒரு நல்ல குணம் உண்டு. ஒரே முகவரியில் வாழும் கணவன் மனைவியரில் உயர்ந்தவரின் தகுதி மற்றவருக்கும் வரும். பிள்ளைகளும் பெற்றோரோடு சேர்த்தி. பிரின்சஸில் அவரவர் கணக்கு அவரவர்க்கு. மகளின் பிரசவத்துக்காக அக்கா சிட்னியிலேயே நின்றுவிட்ட வருடம் அத்தான் நண்பர் ஒருவரோடு போன பயணம் ஒன்று இருக்கிறது; அதனால் அத்தான் எலீட் ஆகும் நாளில் அக்கா 14இல் நிற்பார். இதை அத்தான் கொப்பியில் எழுதவில்லை. அக்காதான் நினைவூட்டினார், கொஞ்சம் சத்தமாகவே.

விமான நிறுவனங்களின் பழக்கத்தில் இதைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு சொல். ஶ்ரீலங்கன் விமான நிறுவனத்தின் ஃப்ளைஸ்மைல்ஸில் கோல்ட் வாங்கியவர் தொடர்ந்து பறக்காவிட்டால் கீழே இறங்கிவிடுவார். ஆனால் இருக்கும்வரை, ஶ்ரீலங்கன் 2014இல் வன்வேர்ல்ட் என்ற விமானக் கூட்டணியில் சேர்ந்ததால், கூட்டணியின் மற்ற விமானங்களிலும் மதிப்பு உண்டு. கப்பலில் தலைகீழ். வாங்கிய தகுதி பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கும். பொதுவாகப் பக்கத்துக் கப்பலில் செல்லாது. பிரின்சஸ், ஹொலண்ட் அமெரிக்கா, குனார்ட், கொஸ்டா எல்லாம் கார்னிவல் என்ற ஒரே தாய் நிறுவனத்தின் பிள்ளைகள். ஆனாலும் ஒன்றின் எலீட் மற்றதில் புதுமுகம். ரோயல் குழுமம்தான் அண்மையில் தன் மூன்று நிறுவனங்களான ரோயல், செலிபிரிட்டி, சில்வர்சீ ஆகியவற்றுக்கிடையே தகுதியைப் பொருத்தித் தரத் தொடங்கியது. இன்னொரு வேடிக்கை: 2023இலிருந்து சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கு வந்துபோன கோர்டேலியா என்ற இந்திய நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் ஒருகாலத்தில் ரோயல் கரிபியனுடையதுதான், 1990இல் கட்டியது. அதில் ஏறி எத்தனை இரவு தூங்கினாலும் ரோயலில் ஒரு புள்ளியும் விழாது.

ஆயுளுக்கும் என்றேனே, அந்த நம்பிக்கையிலும் இப்போது ஓட்டை. அதே கார்னிவல் தாய் நிறுவனத்தின் கார்னிவல் குரூஸ் லைன் 2025 ஜூனில், நாள் எண்ணும் பழைய முறையை விட்டுச் செலவழிக்கும் பணத்தை எண்ணும் முறைக்கு மாறப்போவதாக அறிவித்தது. அப்போது அறிவித்தபடி, புதிய முறையில் தகுதி இரண்டு வருடத்துக்குத்தான். பிறகு மறுபடி சம்பாதிக்க வேண்டும். 200 நாள் கடலில் கழித்து டயமண்ட் ஆனவர்கள் கொதித்துப்போனார்கள். கொதிப்பு நியாயமானது, ஆனால் படிக்கட்டு அவர்களுடைய வீட்டில் இல்லையே. கட்டியவர் எப்போது வேண்டுமானாலும் இன்னும் இரண்டு படி வைப்பார். அத்தானின் கொப்பியில் இருக்கும் விதியும் அத்தானின் கையெழுத்தில்தான் நிரந்தரம். 5 வருடம் கழித்து எலீட் ஆகும்போது எலீட் என்றால் என்னவாக இருக்கும் என்று அவரிடம் கேட்டேன். பேனாவை மூடினார், பதில் சொல்லவில்லை.

மருமகளின் கட்சியைக் கடைசியில் வைத்தாலும் அதற்குத்தான் எடை அதிகம். படியை மறந்தால் எதையும் எடுக்கலாம். செலிபிரிட்டியில் புள்ளி அறையைப் பொறுத்தது. உள்ளறைக்கு இரவுக்கு 2, பல்கனிக்கு 3, சூட்டுக்கு அதைவிடப் பல மடங்கு. எப்படியும் பெரிய அறை எடுப்பவர்கள் அங்கே வேகமாக ஏறுவார்கள். ஹொலண்ட் அமெரிக்காவில் கப்பலில் செலவழிக்கும் பணமும் நாளாகச் சேரும். எம்.எஸ்.சி. என்ற கப்பல் நிறுவனம், பிற நிறுவனங்களில் நீங்கள் வைத்திருக்கும் தகுதியைச் சான்றோடு காட்டினால் பொருத்திப் பார்த்துத் தன் அட்டையைத் தரும் வழக்கமுடையது. அந்த விதியை அது இறுக்குவதும் தளர்த்துவதுமாக இருப்பதால் பதிவு செய்யும் வாரத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். அத்தானின் பிளாட்டினம் பிரின்சஸுக்கு வெளியே பிரயோசனப்படக்கூடிய ஓர் இடம் அது. எம்.எஸ்.சி.யில் 3 வருடம் ஏறாமல் விட்டால் அதன் அட்டை காலாவதி.

கொழும்பில் இருப்பவருக்கு இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது கடவுச்சீட்டு. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கோட்டைப் பக்கம் போனால் துறைமுகத்தில் வெள்ளை வெளேரென்று கப்பல்கள் நிற்பதைப் பார்க்கலாம். பயணிகள் இறங்கி முச்சக்கர வண்டியில் புறக்கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏறிப் போய்விடுவார்கள். நாம் அங்கே நின்று பார்க்கலாம். ஏறுவதற்குப் பெரும்பாலும் வேறு நாட்டுக்குப் போக வேண்டும். மத்திய தரைக்கடலுக்கு ஷெங்கன் விசா, அலாஸ்காவுக்கு கனடா விசாவோடு அமெரிக்க விசா, சிட்னியிலிருந்து புறப்பட்டு நியூசிலாந்து போய்த் திரும்ப ஆஸ்திரேலிய விசாவோடு நியூசிலாந்தின் இணையவழிப் பயண அனுமதி, அதிலும் ஆஸ்திரேலியா பலமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். சிங்கப்பூருக்குள் நுழைய மட்டும் நமக்கு விசா வேண்டாம். கப்பல் நிற்கும் மற்ற நாடுகளின் விதியைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஆகவே புள்ளிக்காக மட்டும் கொழும்பிலிருந்து ஒரு பயணம் என்பது விமானச் சீட்டு, விசாக் கட்டணம், விரல் அடையாளம் கொடுக்க ஒரு நாள் என்று எல்லாவற்றையும் சேர்த்து வாங்கும் புள்ளி. வன்கூவரில் வசிப்பவர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி வாங்கும் புள்ளியும் அதுவும் ஒன்றல்ல.

எதைத் தெரிவு செய்தாலும் இதைக் கவனியுங்கள். நான் கவனிக்காமல் கெட்டேன். கொழும்பில் ஒரு பயண முகவர் மூலம் பதிந்தபோது என் பெயரை முதலெழுத்தோடு ஒருமுறை, கடவுச்சீட்டில் உள்ளபடி தந்தை பெயரை முழுதாக விரித்து இன்னொருமுறை எழுதியிருக்கிறார்கள். கப்பல் நிறுவனத்தின் கணினிக்கு நாங்கள் இரண்டு வேறு ஆட்கள். ஓர் ஆளுக்கு இரண்டு பயணம், மற்றவருக்கு ஒன்று. மனைவியின் கதை இன்னும் மோசம்: கல்யாணத்துக்கு முன் எடுத்த கடவுச்சீட்டில் அவருடைய அப்பாவின் பெயர், புதுப்பித்ததில் என் பெயர். இரண்டையும் ஒன்றாக்க நாலு மாதம் மின்னஞ்சல் எழுதினேன். கடைசியில் அலுத்துப்போய் விட்டுவிட்டேன். நம் பெயர்கள் குடும்பப் பெயர் என்ற பெட்டிக்குள் அடங்குபவை அல்ல. முதல் பயணம் முடிந்ததும் வரும் உறுப்பினர் எண்ணை எழுதி வைத்து, அடுத்தடுத்த பதிவிலெல்லாம் அதைப் போடச் சொல்லி, போட்டார்களா என்று உறுதிச் சீட்டில் பாருங்கள். அத்தானின் கொப்பியில் இது மட்டும் ஒழுங்காக இருக்கிறது.

என் தீர்ப்பு இதுதான். எலீட்டுக்காக என்று ஒரு பயணமும் போக வேண்டாம். மகளைப் பார்க்க சிட்னி போகும்போது பிரின்சஸ் பயணம் திகதிக்கும் விலைக்கும் பொருந்தினால் ஏறட்டும், வன்கூவரிலும் அப்படியே. அப்படிப் போய் 15 வந்தால் வரட்டும். பிள்ளைகள் வெளிநாட்டில் இல்லாமல், புதிதாகத் தொடங்கும் கொழும்புக்காரருக்கு நான் சிங்கப்பூரையும் ரோயலையும் சொல்வேன். டயமண்டுக்காக அல்ல, விசா இல்லாத கரைக்காக. 20 பயணக் கணக்கை மறந்துவிட்டு, மிச்சமாகும் பணத்தில் பல்கனி அறை எடுங்கள். பானம் விரும்பும் வீடு என்றால் மட்டும் இந்தத் தீர்ப்பு கொஞ்சம் மாறும். நாளுக்கு 8 சீட்டு என்பது அவர்களுக்குத் துரத்தத்தக்க தொகைதான்.

அத்தான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, புதுப் பக்கம் ஒன்று திறந்து மூன்று நிரல் போட்டார். பெப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து 4 இரவு, பல்கனி அறை, முடிவாயிற்று. அக்கா அலுமாரியில் சேலை தேடப் போனார். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தபோது அத்தான் வாசலுக்கு வந்து தணிந்த குரலில், "தம்பி, அந்த ரோயல் கப்பலில் சாரத்தைத் தனியாகக் கொடுத்தால் என்ன எடுப்பார்கள்?" என்று கேட்டார்.